பத்து நாள் பார்த்தால் போதும்

பூனையை வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பது எனக்குப் பிடிக்காது. காலை ஆறு மணிக்கு நான் பால்கனிக் கதவைத் திறப்பேன். அது உடம்பை ஒரு முறை நீட்டி முறித்துவிட்டு, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பு, மழைநீர்க் குழாய், சைக்கிள் கொட்டகையின் தகரம் என்று வரிசையாக இறங்கிப் போகும். ஒரு நாளும் தடம் மாறியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்குவது எனக்கு ஒரு சுகம். சாயங்காலம் நான் என் மருந்துக் கடையிலிருந்து வருவதற்குள் அதுவும் வந்துவிடும்.

மந்திரி என்று பெயர் வைத்தது என் மனைவி. ஆய்வுக்கு வந்தவர் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும், ஒன்றுக்கும் பதில் சொல்லாது என்பாள். சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி. அந்த மாதிரிப் பூனை ஊரில் ஆயிரம் உண்டு. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

அது வேட்டையாடும். அணில், ஓணான், குருவி, சில நாள் வெறும் இறக்கை மட்டும் என்று கொண்டுவந்து வாசல் மிதியடியில் போடும். மனைவி முகம் சுளித்தபடி முறத்தில் அள்ளுவாள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை இருந்தது, மறைப்பானேன். நாள் முழுக்க மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுக்கிற ஒருவனுடைய வீட்டில் ஒரு புலி வளர்கிறது என்கிற பெருமை.

எங்கள் மாடியில் பக்கத்து வீடு தையல்காரம்மா வீடு. ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம். விளிம்பில் நான்கு பூந்தொட்டிகள். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வழியில் இருப்பார். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். போன வருஷம் அவளுடைய தொட்டி ஒன்றில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. குஞ்சுகள் பயந்துவிடும் என்று அந்த இரண்டு வாரமும் அவள் இயந்திரத்தை உள்ளறைக்கு இழுத்துப் போட்டுத் தைத்தாள். கடைசியில் ஒரு காலை மந்திரி அந்த வழியாக இறங்கியபோது மூன்று குஞ்சுகளையும் முடித்துவிட்டது.

அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான்கு நாள் கழித்து, வெட்டி மிஞ்சிய துணிகளில் மந்திரிக்கு ஒரு கழுத்துப்பட்டி தைத்துக் கொண்டுவந்தாள். மஞ்சளும் சிவப்புமாகச் சுருக்கு வைத்தது. பளிச்சென்று இருந்தால் பறவைகள் தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடுமாம். “இத மாட்டிவிட்டு வெளிய விடுங்கண்ணே, அது பாட்டுக்குச் சுத்தட்டும்” என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். மாட்டவில்லை. ஒரு வேட்டைக்காரனைக் கோமாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்தது.

பிறகுதான் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. வேறு சிலரும் புகார் சொல்லியிருந்தார்கள்: பிள்ளைகள் விளையாடுகிற மணல் தொட்டியில் அசிங்கம், கார்மேல் கீறல். செயலாளர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். எதையும் கோடு போட்டுத்தான் பேசுவார். பூனையை உள்ளே வைத்திருங்கள், இல்லையென்றால் நாய்க்கடி ஊசி போட்டதற்கான புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்தோம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே நான், “ஊசி எப்பவோ போட்டாச்சு, நானேதான் போட்டேன்” என்றேன்.

போடவில்லை. ஒரு முறை பிடித்துப் பார்த்தேன், கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது. கால்நடை மருத்துவரிடம் கூடையில் வைத்துத் தூக்கிப்போக வேண்டும். கடையை அரை நாள் பூட்ட வேண்டும். வெளியே திரிகிற பிராணிக்கு உடம்பு தானாகவே உரமேறும் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் இருபது பேர் முன்னால் சொன்ன சொல். மறுநாள் ஒரு புத்தகம் வாங்கி, தேதி எழுதி, வேறொரு மருந்துக் குப்பியின் சீட்டில் எண் இருந்த துண்டை உரித்து ஒட்டி, கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்தேன். தையல்காரம்மா உட்பட நாலைந்து பேர் வாங்கிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் உண்மையிலேயே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதிக் கொடுத்த பிறகு அவசரம் போய்விட்டது.

அதற்கு மூன்று மாதம் கழித்து மந்திரி மூன்று நாள் வீடு திரும்பவில்லை. நான்காம் நாள் காது கிழிந்து, தாடையில் பல் பதிந்த காயத்தோடு வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, “எது கடிச்சுதோ, என்ன சீக்கு பிடிச்சதோ. இனிமே வெளிய விடாதீங்க” என்றாள். காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். ஆறிவிட்டது. கதவைப் பிறாண்டத் தொடங்கியதும் திறந்துவிட்டேன்.

ஐந்து வாரம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை அதன் குரல் மாறியிருந்தது. கரகரவென்று, வேறொரு பூனை உள்ளே இருந்து கத்துகிற மாதிரி. தட்டு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கட்டிலுக்கடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. மனைவி இழுக்கப் போனாள், அவளுடைய முழங்கையில் கீறியது. நான் போனேன், என் கட்டைவிரலில் பல் பட்டது. மறுநாள் காலை நான் பால்கனிக் கதவைத் திறந்தேன். பழக்கம்தான், வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

அன்று பத்து மணிவாக்கில் தையல்காரம்மா துணி மூட்டையோடு படியேறி வந்திருக்கிறாள். படி மூலையில் மந்திரி ஒடுங்கிக் கிடந்தது. அடிபட்டுவிட்டதோ என்று குனிந்து தூக்கப் போயிருக்கிறாள். வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஆழமாகக் கடித்துத் தொங்கியதாம். உதறித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது.

நேராக என் கடைக்கு வந்தாள். கையைத் துண்டுத் துணியில் சுற்றியிருந்தாள். முக்காலியில் உட்கார வைத்தேன். அவளுக்குப் பின்னால் குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதை அப்படியே சொல்கிறேன், நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

“அண்ணே, மந்திரிக்கு ஊசி போட்டிருக்கீங்கல்ல? இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

கடையில் வேறு ஆள் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் புத்தகத்தைக் கேட்பார்கள். சீட்டில் இருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள். என் உரிமம் போகும், இருபத்தாறு வருஷக் கடை போகும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் பிடித்தது என்று நினைக்காதீர்கள். பஞ்சைக் கத்தரிக்கிற நேரம்தான்.

“போட்டாச்சும்மா. புத்தகத்தக்கூட நீ பாத்தியே. வளர்ப்புப் பூனைதானே, பத்து நாள் பாத்தா போதும். அது நல்லா இருந்தா உனக்கு ஒண்ணுமில்ல.”

இதில் பின்பாதி உண்மை. கடித்த பிராணி பத்து நாள் நோயில்லாமல் இருந்தால் பயமில்லை என்பது மருத்துவம் சொல்வதுதான். நான் மருத்துவத்தைத் தப்பாகச் சொல்லவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன், டி.டி. ஊசி போட்டேன், கட்டுக் கட்டினேன். நன்றியோடு எழுந்து போனாள்.

மந்திரியைத் தேடிப் பிடித்து, சாக்கில் சுருட்டி, கடைக்குப் பின்னாலிருக்கிற காலி அட்டைப்பெட்டி அறையில் பூட்டினேன். வியாழக்கிழமை காலை திறந்தபோது செத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. பக்கத்துக் காலி மனையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். பத்து நாளில் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

எட்டு நாள் பாக்கி.

மீன் சந்தைக்குப் பின்னால் பூனைகள் கூட்டமாகக் கிடக்கும். மதியத்துக்குள் ஒன்றைப் பிடித்துவிட்டேன். சாம்பல் நிறம், கறுப்பு வரி. முகம் கொஞ்சம் ஒடுக்கம், வாலில் ஒரு வரி குறைவு. ஜன்னலுக்கு ஜன்னல் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. இருந்தாலும் ஓர் அடையாளம் வேண்டுமே என்று இழுப்பறையைத் திறந்து, அவள் தைத்த கழுத்துப்பட்டியை எடுத்து மாட்டினேன். அதன் கழுத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

மறுநாள் காலை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக அதைக் கண்டதும், தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இப்பத்தான் மாட்ட மனசு வந்துச்சா என்று கேட்டாள். கடித்துவிட்டதே, இனி வெளியே விடப்போவதில்லை என்றேன். அதற்கும் சந்தோஷப்பட்டாள். தினமும் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். நானும் அந்த நேரம் பார்த்துத் தட்டை ஜன்னலருகே வைப்பேன். பத்தாம் நாள் அவள் முகத்தில் ஒரு தெளிவு. என் சட்டையில் பித்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கழற்றச் சொல்லாமலே நின்றபடி தைத்துக் கொடுத்தாள். கட்டுப் பிரித்த கை அது. தழும்பு என் நெஞ்சுக்கு நேராகப் போய்ப் போய் வந்தது.

என் மனைவியை ஏமாற்ற முடியவில்லை. முதல் நாளே தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, “இது மந்திரி இல்லீங்க” என்றாள். மந்திரி வண்டியில் அடிபட்டுவிட்டது, தையல்காரம்மா மனசு கஷ்டப்படும், கடித்த பூனை செத்தது தெரிந்தால் வீணாகப் பயப்படுவாள், அதனால்தான் என்றேன். அவள் என்னை நம்புகிறவள். முப்பது வருஷப் பழக்கம்.

அதற்குப் பிறகும் நாள் இருந்தது. இதை நான் மறுக்கவில்லை. காலையில் பல் துலக்கும்போது, இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பக்கத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கும். ஓடுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று கடைக்குப் போவேன். எல்லாக் கடியும் நோயாவதில்லை. அந்தப் பூனைக்கு வேறு ஏதாவது சீக்காகவும் இருந்திருக்கலாம். உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கலக்கக் கூடாது. கடித்த நாளிலிருந்து முப்பத்தாறு நாள் இப்படிப் போயிற்று.

முப்பத்தேழாம் நாள் மறுபடி அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கை மரத்து மரத்துப் போகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, ராத்திரி பகலாகத் தைத்ததால்தான் போலிருக்கிறது என்றாள். வலி மாத்திரையும் தடவிக்கொள்ளத் தைலமும் கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் சொல்லியிருந்தாலும் பயனில்லை. நீங்கள் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க் குவளையைப் பார்த்ததும் அவளுக்குத் தொண்டை இறுகியது. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலே துடித்தாள். செயலாளர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் இருக்கையில் அவளைப் பிடித்துக்கொண்டது நான்தான். தனியறையில் விளக்கை அணைத்து வைத்தார்கள். டாக்டர் பூனையைப் பற்றிக் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்றேன். தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் அவளும் அதையே சொன்னாள்: “மந்திரி நல்லாத்தான் இருக்கான் டாக்டர். நான் தினம் பாத்தேன்.”

நான்காம் நாள் இறந்துவிட்டாள். அன்று காலைதான் கணவர் வந்து சேர்ந்தார். மூன்று நாளும் நான் நடைவழியிலேயே இருந்தேன் என்று செவிலியர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கூடப் பொறந்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க அண்ணே” என்றார். கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அவர் பிடி அப்படி.

சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் வந்தீர்கள். பூனையைப் பார்த்தீர்கள், புத்தகத்தைப் பார்த்தீர்கள், சீட்டு இருமல் மருந்துச் சீட்டு என்பதைக் கண்டுபிடித்தீர்கள். நான் குழி வெட்டியதைப் பார்த்த யாரோ சொல்ல, காலி மனையைத் தோண்டவும் செய்தீர்கள். அது வரைக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்திருக்கும்; அலட்சியம், மறதி, பயம் என்று ஏதாவது ஒரு பெயர் கொடுத்திருப்பேன். ஆனால் நீங்கள் என் மனைவியைத் தனியாக உட்கார வைத்து, கடந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு ஏதாவது ஊசி போட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

உண்மைதான். தையல்காரம்மா கட்டுப் போட்டுக்கொண்டு போன அன்று மாலையே எங்கள் இருவருக்கும் முதல் நாய்க்கடி ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். வைட்டமின் என்று சொல்லித்தான் மனைவிக்குப் போட்டேன். எனக்கு நானே தொடையில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. குளிர்பதனப் பெட்டியில் பத்துக் குப்பிதான் இருந்தது, இரண்டு பேருக்குச் சரியாக. இன்னும் ஐந்து வேண்டுமென்று போன் செய்திருந்தால் மறுநாள் காலை வந்திருக்கும். அதை நீங்கள் மொத்தக் கடையில் விசாரித்துவிட்டீர்கள், நான் மறுப்பதில் அர்த்தமில்லை.

அந்தப் பெண்ணைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் வீட்டு ஆட்களை நான் எப்படிக் கவனித்துக்கொண்டேன் என்று என் மனைவியே உங்களிடம் சொல்லியிருப்பாள்.