மூணு கிலோ தொட்டில்

காப்பி அங்க வைங்க சம்மந்திம்மா, ஆறட்டும். கவிப்பிரியாவும் மாப்ளையும் புள்ளைக்கு ஊசி போட்டுகினு வர்றதுக்குள்ள நான் பேசி முடிச்சிடறேன். அவ உங்ககிட்ட இன்னா சொன்னா? ஊடு தொடைக்க சொல்லோ பக்கெட்டு தண்ணி தெறிச்சு, தொட்டில் மோட்டாரு நின்னுபோச்சுன்னு தானே? ஆங். நீங்க போன்ல சொல்ல சொல்லோ எனுக்கும் கோவம் தான் வந்துச்சு. அப்பன் கையால செஞ்ச சீரு, மூணு மாசம் பத்திரமா வெச்சுக்கத் தெரியலியே கழுதைக்குன்னு. அம்பத்தூர்ல ரயிலேறி பட்டாபிராம்ல எறங்கற வரைக்கும் மனசுக்குள்ள அவள திட்டிகினே தான் வந்தேன்.

இந்தா பாருங்க, யானை படம் ஒட்டுன டப்பா. இதுக்குள்ள தான் டிரான்ஸ்பார்மர் கீது. ஊட்டு கரண்டு எரநூத்தி முப்பது வோல்ட்டு, தொட்டில் மோட்டாருக்கு பன்னெண்டு போதும். அத்த கொறச்சுக் குடுக்கறது இது தான். அம்பத்தூர் எஸ்டேட்ல நம்ம பட்டறையில தெனம் இதே வேலை. கண்ண மூடிகினு பண்ணுவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கினவன் நான்.

மொதல்ல ஒரு ஆம்பியர் டிரான்ஸ்பார்மர தான் எடுத்தேன். அதான் கரெக்ட்டு. ஆனா டப்பாவுல ஒக்கார்ல, மூடி மூட மாட்டேன்னுச்சு. பெரிய டப்பா போட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. அது கரண்டு மீட்டர் பொட்டி மாரி அசிங்கமா கீது. உங்களுது டிபென்ஸ் பேக்டரி குடும்பம். தொட்டில் போடற அன்னிக்கு குவார்ட்டர்ஸ்காரங்க நாலு பேரு வருவாங்க. கஜபதி பட்டறையில தட்டுன சாமான்னு எவனும் கேலி பண்ணக் கூடாது, கடையில வாங்குன மாரி இருக்கணும்னு எனுக்கு ஒரு பந்தா. அர ஆம்பியர் ஒண்ணு கெடச்சுது, தெம்பு பாதி தான், ஆனா குட்டியா. அப்டியே உள்ள போயி குந்திகிச்சு.

டெஸ்ட்டா? ஐய, டெஸ்டு பண்ணாம குடுப்பனா? தொட்டில்ல மூணு கிலோ அரிசி மூட்டைய வெச்சு, மத்தியானம் வரைக்கும் ஆட வுட்டேன். புள்ள பொறந்த எடை மூணு கிலோ தானே? மீட்டர்ல பன்னெண்டு வோல்ட்டு ஆடாம நின்னுச்சு. தொட்டுப் பார்த்தா ஜில்லுனு கீது. ஏன் இருக்காது? டப்பா மூடிய தொறந்து வெச்சு, நமக்கு வேர்க்குதுன்னு டேபிள் பேன மேல சுத்த வுட்டுகினு டெஸ்டு பண்ணா? எஸ்டேட்ல நாங்க எல்லாரும் அப்டித்தான் பண்றோம்.

சிரிக்காதீங்க சம்மந்திம்மா. இல்ல, சிரிங்க. சிரிக்கற விஷயம் தான். புள்ள இப்ப எத்தினி கிலோ? ஆறா? தோ பாருங்க. எடை ஏற ஏற மோட்டாரு கரண்ட ஜாஸ்தி இழுக்கும். மூடுன டப்பாக்குள்ள காத்து ஏது? சூடு தான் ஏறும். பேரன் வளருவான்னு தாத்தாக்காரனுக்கு தோணல. நாக்கப் புடுங்கிக்கலாம் போல கீது.

தண்ணியா? அதுக்கு தான் வர்றேன். நீங்க காப்பி போடப் போன சமயம் மூடிய கழட்டிப் பார்த்தேன். தண்ணி பட்ட தடமே இல்ல, ஒரு ஆணியில கூட துரு இல்ல. டிரான்ஸ்பார்மர் மேல சுத்துன மஞ்ச டேப்பு தான் கருகிக் கீது, மோந்து பாருங்க. சரி, ப்யூஸ் போயிருக்கும்னு பார்த்தா, ப்யூஸ் அங்க இல்லவே இல்ல. யாரோ கழட்டி, பஞ்சுல சுத்தி, ஓரமா சொருகி வெச்சிருக்காங்க. மீட்டர் வெச்சுப் பார்த்துட்டேன், நல்ல ப்யூஸ்.

மாப்ளையா? பல்பு மாட்டவே அவருக்கு ஆளு வேணும்னு நீங்களே சொல்லுவீங்களே. இவ தான். ஸ்கூல் வுட்டு வந்து எம்பட்டறையில குந்தி ப்யூஸ் மாட்டுன கை அது. டப்பா சுட்டிருக்கு, புள்ளைக்கு ஆவாது, மோட்டாரு ஓடவே வேணாம்னு ப்யூஸ கழட்டிட்டா. அப்பன் குடுத்த சீரு சொத்தைன்னு உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வர்ல. அதான் தண்ணி ஊத்திட்டேன்னு சொல்லிட்டு, நீங்க வுட்ட பேச்செல்லாம் வாங்கிகினு, கையால ஆட்டிகினு கீறா. நான் இன்னாடான்னா ரயில்ல அவள கழுதைன்னு திட்டிகினு வர்றேன்.

தொட்டில நான் தூக்கினு போறேன். குடுத்த சீர திரும்ப எடுத்துகினு போறான் பாருன்னு தெருவே பேசும், பேசட்டும். ஒரு ஆம்பியரயே மாட்டி, பெரிய டப்பாவா போட்டு எடுத்தாறேன். அசிங்கமா தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

அவ வந்தா மட்டும் தண்ணி பேச்ச எடுக்காதீங்க சம்மந்திம்மா. திட்டணும்னு தோணுச்சுன்னா எனுக்கு போன் போடுங்க, எடுக்கறேன்.