ஆள் எண் ஏழு

எனக்கு ஊசி போடுவதில் கைராசி உண்டு என்பார்கள். வலிக்கவே வலிக்காதாம். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நர்ஸ் இருந்தும் எல்லோரும் என்னிடம்தான் கையை நீட்டுவார்கள்.

வலையண்ணன் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

இருபத்தாறு வருடங்களாக வௌவால்களுக்கு வரும் ரேபிஸ் என்னும் வெறிநோயை ஆராய்ந்து வருகிறேன். கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் என் அண்ணி அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவாள். குகை வாயில் வலை கட்டி எனக்கு வௌவால் பிடித்துத் தந்தவர் வலையண்ணன். பத்தொன்பது வருடம். அவர் இல்லாவிட்டால் நான் வெறும் ஆள்.

குகைக்குப் போகிற எவரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவர் சேர்ந்த மாதம் தடுப்பூசி வரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் எடுத்த ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சக்தி லேசாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே வௌவால்களோடு புழங்கிய மனிதர். உடம்பு தானாகவே கற்றுக்கொண்டிருக்கலாம் அல்லவா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தடுப்பூசி போட்டுவிட்டால் எது ஊசியால் வந்தது, எது தானாக வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதனால் அவருக்கு மட்டும் வைட்டமின் ஊசி போட்டேன். பதிவேட்டில் அவர் தடுப்பூசி போட்டவர். என் கட்டுரைகளில் பெயரில்லாமல், 'ஆள் எண் ஏழு, தடுப்பூசி போடாதவர்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பேராசிரியருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, பாராட்டுகிறேன்.

போன வருடம் ஒரு வௌவால் அவர் பெருவிரலைக் கடித்தது. கையுறையைத் தாண்டிப் பல் இறங்கியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு ஊசி போட்டுக்கட்டுமா, டாக்டரம்மா?"

"நான் போட்டதே போதும். முதல்ல அந்த வௌவாலைச் சோதிச்சுப் பாத்துடலாம்."

"அதுவும் சரிதான். நீங்க இருக்கறப்போ எனக்கென்ன பயம்" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்த வௌவாலுக்கு நோய் இருந்தது. இல்லை என்று அவரிடம் சொன்னேன். நிம்மதியாக வீட்டுக்குப் போனார். நான் பத்தொன்பது வருடம் காத்திருந்த சோதனை தானாகவே தொடங்கிவிட்டது. கடித்தது வௌவால், நானல்ல. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தோராம் நாள் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறினாராம். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா கேப்பாரும்மா. ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். என் பேச்சைத் தட்டக் கூடாதென்று அவரும் வாயைத் திறந்தார். தொண்டை இழுத்துக்கொண்டது. எனக்கு அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டேதான் ரத்தம் எடுத்தேன். மறுநாள் அவர் இறந்தார். தடுப்பூசி பலிக்கவில்லை என்று டாக்டர்கள் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதைக் கொலை என்கிறீர்கள். ஒரே ஒருவர் இறந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எங்கள் துறையில் பாலபாடம். இரண்டாவது ஆள் வேண்டும். ஒரே ரத்தமாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அவர் வேலையை அலைந்து திரிந்து அவர் மகளுக்கே வாங்கிக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண், அப்பாவைப் போலவே வலை கட்டுகிறாள். அவளுக்கும் வைட்டமின்தான். போன செவ்வாய்க்கிழமை ஒரு வௌவால் அவள் மணிக்கட்டில் கடித்துவிட்டது. இன்று காலை முடிவு வந்தது. நோய் இருக்கிறது.

நீங்கள் வாசலில் காத்திருந்தபோது அவளிடம்தான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்லம்மா, தைரியமா இரு" என்றேன். அப்பாவைப் பறிகொடுத்த பெண், வீணாகக் கவலைப்படக் கூடாது அல்லவா?