விருமாயி வாசல்ல பறை நிக்கும்

இந்தக் கண்மாய்க்குக் கரையே போடாத காலத்துல, நம்ம கோட்டூரணியில விருமாயின்னு ஒருத்தி இருந்தாளாம். கவண்ல கல்ல வச்சுச் சுத்தி விட்டான்னா, அந்தா தெரியுதே பாறை, அங்க நிக்கிற களவாணிக்கு முட்டி பேந்துருமாம். ஒத்த ஆளு. ஊரு மாடு மொத்தத்துக்கும் அவதான் காவல்.

நம்ம ஆம்பளைக என்ன செஞ்சாக? மகராசனுக, அவ இருக்கான்னு கம்பையெல்லாம் துணி காயப்போடக் கட்டிட்டாகளாம். தொழுவத்துப் படலப் பிடுங்கி அடுப்பெரிச்சாகளாம். சிரிக்காதீங்கப்பா, உங்க பூட்டனுகதான்.

ஒரு தடவ களவாணிகள வெரட்டிட்டுத் திரும்புறா, காய்ச்சல்ல கெடந்த மூத்த புள்ள செத்துக் கெடக்கு. வாயில தண்ணி ஊத்த ஆளில்ல. ஊரே தொழுவத்துல மாட்டத் தடவிக்கிட்டு நின்னுச்சாம். பாவிக!

வயித்துல ரெண்டாவது இருக்கையில புருசனும் செத்துப் போயிட்டான். பொறந்தவ பேச்சி. அவளுக்கும் அதே காய்ச்சல். நல்ல உச்சிவெயில். மேற்க புழுதி கெளம்புது. களவாணிக வாராங்கெ! டம் டம்முன்னு பறை அடிச்சுக்கிட்டு, ஊரே விருமாயி வாசல்ல வந்து நிக்குது.

"ஆத்தா, எந்திரி!"ங்கிறாரு ஊர்ப் பெரியவரு மொக்கையன்.

"பறைய நிறுத்துங்க மாமா. புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு."

"புள்ளய நாங்க பாத்துக்குறோம் தாயி."

"போன தடவையும் அதான சொன்னீக?"

விருமாயி இடுப்புல இருந்த கவண உருவுனா.

"மூத்தவள உங்களுக்குக் குடுத்துட்டேன். இவளக் குடுக்க மாட்டேன். இன்னியோட நான் காவக்காரி இல்ல, இவளுக்கு ஆத்தா. அம்புட்டுத்தான்." கவண அவரு கையில வச்சுட்டுக் கதவச் சாத்திட்டாளாம்.

புழுதி கிட்ட வருது, கிட்ட வருது. மொக்கையனுக்குக் கவண்ல கல்லு வைக்கவே தெரியல. எவளோ ஒரு பொம்பள உலக்கையத் தூக்கிட்டு மொத ஆளா ஓடுனா. அதப் பாத்துத்தான் ஆம்பளைகளுக்கு ரோசம் வந்துச்சாம். ஈரத்துணிய உதறிட்டுக் கம்ப உருவிக்கிட்டு ஓடுனாக. பாதி மாடு போச்சு. மொக்கையனுக்கு ஒரு கண்ணு போச்சு. ஆனா களவாணிக ஊருக்குள்ள கால் வைக்கல.

பொழுது சாய, ரத்தமும் புழுதியுமா பறையோட திரும்புனாக. அந்த வாசல் வந்ததும் மொக்கையன் கையக் காமிச்சாராம். பறை நின்னுச்சு. உள்ள பேச்சி கஞ்சி கேட்டு அழுகுற சத்தம் கேட்டுச்சாம். அம்புட்டுப் பேரும் அங்கனயே நின்னு அழுதாகளாம்.

இன்னிக்கும் சாமி பொறப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒருத்தரு கம்போட வரணும். விருமாயி வீட்ட மட்டும் கூப்புட மாட்டோம். அங்க வந்தா பறைய நிறுத்திட்டு மெல்ல நடப்போம். போன வருசம் டவுன்ல இருந்து வந்த மாப்பிள்ளை ஒருத்தரு கேட்டாரு, "இங்க என்ன சாமி இருக்கு?"ன்னு.

சாமியெல்லாம் இல்ல மாப்ள. உள்ள புள்ள தூங்குது.