வெளுப்பாக விழுந்த நீலம்

இன்னும் இரண்டு திருகாணிதான் பாக்கி இருந்தது, இன்ஸ்பெக்டர். உங்கள் கான்ஸ்டபிள் உள்ளே வந்தபோது நான் ஏணியின் மூன்றாவது படியில் நின்று, சட்டத்தைத் தோளால் தாங்கிக்கொண்டு, சுவரில் முடுக்கிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதரை. பதினோரு மணிக்குத் திரை விலக்க வேண்டும். "ஒரு நிமிஷம் சார், இப்ப விட்டா மொத்தமா கீழ வந்துடும்" என்றேன். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கீழே கிடங்கில் துப்புரவுக்காரி மேவிஸ் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். விழாவுக்கு மடக்கு நாற்காலி எடுக்கப் போனவள் அங்கே எதைப் பார்த்தாள் என்பதற்குப் பிறகு வருகிறேன். படம் நேராக மாட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எட்கர் பிக்கர்ஸ்கில். வயது அறுபத்தெட்டு. வெல்பரி பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தவன். முப்பது வருஷமாக, 1968-ஆம் ஆண்டிலிருந்து, இந்த அருங்காட்சியகத்தில் சம்பளம் இல்லாமல் உழைக்கிறேன். வியாழக்கிழமைதோறும் ஜனங்கள் பரணிலிருந்து பழைய படங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குதிரைமேல் ஒரு தாத்தா. எந்தப் படை, எந்த ஊர் என்று தெரியாது. தொப்பிச் சின்னம், பொத்தான் வரிசை, சேணத்தில் வாள் தொங்கும் பக்கம், பின்னால் தெரியும் லாயத்து ஜன்னல் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதுவரை அது யாரோ ஒரு மீசைக்காரன். நான் சொன்ன பிறகுதான் அவன் அவர்கள் தாத்தா ஆவான். அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இத்தனை கேள்வி கேட்க மாட்டீர்கள்.

பெரிய படத்துக்கு வருவோம். ஒரு கல் வீட்டின் முன்னால் இருபத்திரண்டு குதிரை வீரர்கள். பிரான்சின் வடக்கே, 1914 செப்டம்பர், முப்பத்தொன்றாம் ஹுஸார் என்ற குதிரைப்படையின் ஒரு பிரிவு. மறுநாள் காலையில் எதிரியின் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பாதிப் பேருக்கு வேறு படமே கிடையாது. நான்தான் அந்தப் படத்தை அடையாளம் கண்டேன். நான்தான் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதி, உறவினர்களின் காதையும் தாடையையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுத்தேன். இன்று திறக்க இருந்த கல்வெட்டில் அந்த வரிசையில்தான் பெயர்கள் இருக்கின்றன. கனடாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஓட்டலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பார்கள், பாவம்.

ஒன்பதாவது ஆள் கார்ப்பொரல் ஆக்ஸ்டபி. அவர் சாகும்போது அவர் மகள் தாயின் வயிற்றில் இருந்தாள். அந்த டாஃப்னி அம்மாளுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. ஒவ்வொரு முறை வரும்போதும் விரலை உதட்டில் வைத்து, பிறகு கண்ணாடியில் ஒன்பதாவது ஆளின் முகத்தில் வைப்பாள். "எங்க அப்பாவுக்கு என் மூக்குதான், இல்லையா கண்ணு?" என்பாள். "அச்சு அசல் அதே மூக்கு" என்பேன். முப்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வால்டர் ஸ்பிங்க்குக்கு நஷ்டமாம்.

ஸ்பிங்க் ஓய்வு பெற்ற தபால்காரர். வியாழக்கிழமை மேஜையில் எனக்கு எதிர் நாற்காலி. நான் படையைச் சொல்வேன், அவர் ஊரைச் சொல்வார். நாற்பது வருஷம் கதவு கதவாக ஏறி இறங்கியதில் எந்தச் செங்கல் எந்த மாவட்டம் என்று அவருக்கு அத்துப்படி. என்னை 'வாத்தியாரே' என்பார். நான் சொல்வதில் பத்துக்கு ஒன்பதை மறுப்பார். சிரித்துக்கொண்டே மறுப்பார், அதுதான் எரிச்சல்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வண்ணப் புகைப்படத்தை என் முன்னால் போட்டார்.

"வாத்தியாரே, இந்த வீடு தெரியுதா?"

அதே கல் வீடு. அதே கோணல் புகைபோக்கி. வாசலில் மீன் வறுவல் கடைப் பலகை.

"உன் பிரான்ஸ் எங்க இருக்கு தெரியுமா? ஸால்ட்பியில. நம்ம கிழக்குக் கடற்கரை. பஸ்ல ரெண்டு மணி நேரம். உள்ளே போய் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்னுட்டுத்தான் வந்தேன். மீன் பரவாயில்ல. கிழங்கு வேகல."

"கல் வீடுன்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும், தபால்காரரே."

"சரி, வீட்டை விடு. தொப்பியைப் பாரு. சின்னத்துக்குப் பின்னால ஒரு துணித் துண்டு வச்சுத் தைப்பாங்களே, முப்பத்தொன்றாம் படைக்கு அது என்ன நிறம்?"

"மஞ்சள்."

"படத்துல எப்படி இருக்கு?"

"வெளுப்பா இருக்கு."

இந்த இடம் உங்களுக்கு விளங்க வேண்டும், இன்ஸ்பெக்டர். அந்தக் காலத்துப் படத் தகடுகளுக்கு நிறம் தலைகீழாகத் தெரியும். மஞ்சள் கறுப்பாக விழும். நீலம் வெள்ளையாக விழும். வெளுப்பாகத் தெரிவதை மஞ்சள் என்று படிப்பது புதிதாக வந்தவன் செய்கிற தப்பு. நாங்கள் விற்கும் சிறு கையேட்டில் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியவன் நான்.

"அப்ப அது நீலம்" என்றார் ஸ்பிங்க். "நீலம்னா மாவட்டத் தொண்டர் குதிரைப்படை. இவங்க போருக்கே போகல வாத்தியாரே. ஸால்ட்பியில கடலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு குதிரையைப் பிடுங்கிட்டு சைக்கிள் கொடுத்துட்டாங்க."

அந்த 'சைக்கிள்' என்ற சொல்லை அவர் ருசித்துச் சொன்னார். என் இருபத்திரண்டு பேரையும் ஒரே சொல்லில் மணி அடித்துக்கொண்டு போக வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விழா கழியட்டும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

"முடியாது எட்கர். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஓட்டல்ல டாஃப்னியோட டீ. முதல்ல அவங்களுக்குத்தான் சொல்லப் போறேன்."

"எண்பத்து மூணு வயசுய்யா அவங்களுக்கு. நெஞ்சு வெடிச்சுப் போயிடும்."

"யாரோ ஒருத்தன் மூஞ்சிக்கு முத்தம் கொடுத்துக்கிட்டே சாகணுமா? அவங்க அப்பா அந்தப் பக்கம் அநாதையாக் கிடக்கட்டுமா?"

இரண்டு நாள் யோசித்தேன். ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு குடும்பம். இன்னொரு பக்கம் கிழங்கு வேகவில்லை என்று குறை சொல்கிற ஒரு மனிதர். என் வக்கீல் வருத்தம் தெரிவிக்கச் சொல்கிறார். எதற்கு? சரியான விவரம் என்று ஸ்பிங்க் கொண்டுவந்தது வெறும் விவரம். நான் முப்பது வருஷம் கொடுத்தது அப்பாக்களை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவர் கிடங்குக்கு வந்தார். வரவுப் பதிவேட்டை முழுக்கப் படித்திருக்கிறார், கில்லாடி. "அறுபத்தொன்பதுல இன்னொரு படம் வந்திருக்கு வாத்தியாரே. பெட்டி நாற்பத்தேழு. அதை யாருமே பார்த்ததா எழுதலையே" என்றார். "கடைசி அலமாரி, கீழ்த்தட்டு. போய்ப் பாருங்க" என்றேன். நானே சொன்னேன். மறைக்கவில்லை.

எங்கள் கிடங்கில் இடம் குறைவு. ஆறு இரும்பு அலமாரிகள், ஆள் உயரத்துக்கு மேல், தண்டவாளத்தில் நகரும். பக்கத்தில் ஒரு சக்கரம். சுற்றினால் ஒரு சந்து மூடும், வேறு சந்து திறக்கும். ஓர் அலமாரி நிறைந்தால் ஒரு டன் இருக்கும். சக்கரத்தைத் தொடும் முன் "உள்ளே யார்?" என்று குரல் கொடுக்க வேண்டும். இங்கே வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான்.

நான் குரல் கொடுத்தேன். விதியை மீறியதாக யாரும் சொல்ல முடியாது.

"நான்தான் இருக்கேன், சுத்தாதே" என்றார் ஸ்பிங்க். "கிடைச்சுடுச்சு எட்கர். துணி கறுப்பா இருக்கு. மஞ்சள்தான். இதுதான் முப்பத்தொன்றாம் படை. பின்னால பென்சில்ல பேரெல்லாம் எழுதியிருக்கு. டாஃப்னியோட அப்பா ரெண்டாவது வரிசையில நிக்கிறார், பாவம் மனுஷன், சப்பை மூக்கு." பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "இது உனக்குத் தெரியும், இல்ல?"

தெரியும். இருபத்தொன்பது வருஷமாகத் தெரியும். அந்தப் படம் வந்தபோதே நாலு குடும்பங்கள் நான் பெயர் கொடுத்த முகங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன.

சக்கரத்தைச் சுற்றினேன். பதினொரு சுற்று. ஆறாவது சுற்றில் நிறுத்தி, நியாயமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"எந்த ஊர், தபால்காரரே?"

"விளையாடாதே எட்கர். ஸால்ட்பி."

எட்டாவதில் மறுபடி கேட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. ஒன்பதாவதில் அவர் குரல் மெலிந்து, ரொம்பத் தெளிவாக வந்தது.

"பிரான்ஸ். பிரான்ஸ்தான்டா. திற."

மீதி இரண்டு சுற்றையும் முடித்தேன். அவர் வெளியே வந்து பேச்சை மாற்றிவிடக் கூடாது பாருங்கள். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியில் இதை எழுதுங்கள்: கட்டடங்களை அடையாளம் காண்பதில் இந்த மாவட்டத்திலேயே சிறந்தவரான வால்டர் ஸ்பிங்க், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், அது பிரான்ஸ்தான் என்று ஒப்புக்கொண்டார்.