தொண்ணூற்று மூன்றில் கொதித்த தண்ணீர்

மேகம் எட்டிப் பார்க்கும் இந்த மேடைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை ஜோதிமணி அம்மையார் அவர்களே! பூண்டு வயலில் பாதி வேலையைப் போட்டுவிட்டு, பாதத்து ஈரம் காயுமுன் பள்ளிக்கு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளை அழுதுவிடுமோ என்று ஒரு காதையும், இந்த வாத்தியார் என்ன உளறப் போகிறாரோ என்று ஒரு காதையும் வைத்திருக்கும் தாய்மார்களே! இன்று தொடங்கும் வேதியியல் மன்றத்தின் மாணவச் செல்வங்களே! கதவு திறந்துகிடக்கிறதே என்று அழைப்பிதழ் இல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்ட மூடுபனியே! அனைவருக்கும் இந்தக் கன்னிவாடிக்காரன் குமாரவேலின் கனிவான வணக்கம்.

வேதியியலின் அடிப்படைகளும் அதற்கு வேண்டிய கணக்கும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். வேதியியல் என்றால் என்ன? வெடிக்கும் குடுவையா? விளங்காத சமன்பாடா? இல்லை, என் இனியவர்களே. பார்ப்பது, அளப்பது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது. அங்கேதான் அது தொடங்குகிறது. தொண்ணூற்று மூன்று என்று வெறுமனே சொன்னால் என்ன பொருள்? தொண்ணூற்று மூன்று படியா? தொண்ணூற்று மூன்று மூட்டையா? எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லையென்றால் அது ஊர் பேர் எழுதாத கடிதம். தொண்ணூற்று மூன்று டிகிரி செல்சியஸ் என்று எழுதினால்தான் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

அங்கே ஏன் சிரிப்பு? ஓ, பதினொன்றாம் வகுப்புக்காரர்களா! தொண்ணூற்று மூன்று என்றதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சிரியுங்கள். சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்துத்தான்.

கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி இந்தக் கொடைக்கானல் மலைக்கு நான் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கனவில் நடப்பவனைப் போலத்தான் நடக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் மேசைக்கு வந்து உட்காருகிறது; கரும்பலகையில் எழுதிய எழுத்தின் மேல் பனி படர்ந்து, ஹைட்ரஜன் பாதி கரைந்து நிற்கிறது. அந்த மயக்கத்திலேயே முதல் செய்முறை வகுப்பை நடத்தினேன். தண்ணீரின் கொதிநிலையைக் காணுதல். எளிய சோதனை. ஒரு பீக்கர், ஒரு பர்னர், ஒரு தெர்மாமீட்டர். நீராவி எழுந்தது, பனி இறங்கியது, ஆவி எது பனி எது என்று தெரியாத அந்த வெண்மைக்குள்ளே இருபத்து நான்கு முகங்கள் மிதந்தன. ஆகா, என்ன அழகு! அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய, தெர்மாமீட்டரை நான் பார்க்கவில்லை.

இருபத்து நான்கு ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. இருபத்து மூன்றில் நூறு டிகிரி. எப்படி வந்தது நூறு? அதுதான் நம் பழக்கமாயிற்றே! சோதனைக்கு முந்தின நாளே, போன வருடத்து அக்கா நோட்டைப் பார்த்து விடையை எழுதி வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்ற வைக்கிறோம். ஒரே ஒரு நோட்டில் மட்டும் தொண்ணூற்று மூன்று. வடகவுஞ்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் லாவண்யாவின் நோட்டு அது. "எங்க பூண்டு மண்ணுல என்னென்ன கெடக்குன்னு நானே சோதிச்சுச் சொல்லணும் சார், அதுக்குத்தான் சயின்ஸ் குரூப்" என்று முதல் நாளே என்னிடம் சொன்ன பிள்ளை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருபத்து மூன்று பொய்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த ஒரு மெய்யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்திலே சுழியம் போட்டேன். அதோடு விட்டேனா? விட்டிருந்தால் நான் குமாரவேலா! வகுப்பு நடுவிலே நிறுத்தி, "ஏம்மா, வடகவுஞ்சிப் புள்ளைக்கு மட்டும் தண்ணி வெரசா கொதிக்குமோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அழவுமில்லை. நோட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் அப்பா அழகுமலை அண்ணன் வந்தார். இதோ, நான்காவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். குனியாதீர்கள் அண்ணே, குனிய வேண்டியவன் நான். அவர் கையில் குரூப் மாற்றிக் கேட்கும் விண்ணப்பம். நான் கையெழுத்துப் போட்டால் லாவண்யா காமர்ஸ் குரூப்புக்குப் போய்விடலாம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சார், எம்புள்ள பொய் எழுதாதுங்க. கண்ணாடிக் குச்சியில என்ன தெரிஞ்சதோ அத எழுதிப்புட்டா. அது தப்புன்னா இந்தப் படிப்பு எங்களுக்குச் சரிப்படாதுங்க."

நான் விடவில்லை. "தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகமே சொல்கிறதே!" என்றேன். அதற்கு அண்ணன் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா மலையில தண்ணி வெரசா கொதிச்சிரும், பருப்பு மட்டும் வெரசா வேகாதுங்க. குக்கர் இல்லாம நாங்க பருப்பே போடுறதில்ல."

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால், தாய்மார்களே, இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து என் பாத்திரத்தில் பருப்பு வேகவில்லை! மளிகைக் கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று அந்த நல்ல மனிதரோடு நான் சண்டை வேறு போட்டிருக்கிறேன். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெருமாள்மலையில் இறங்கி, வேலுத்தாய் அக்கா டீக்கடையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி, உள்ளே தெர்மாமீட்டரை விட்டேன். "என்னங்க சார், தண்ணிக்குக் காய்ச்சலா?" என்றார் அக்கா. ஆமாம் அக்கா, தொண்ணூற்றைந்து டிகிரிக் காய்ச்சல்! வத்தலக்குண்டில் வண்டி மாறி, கன்னிவாடி போய், என் வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது.

மூன்று ஊர், ஒரே தெர்மாமீட்டர், மூன்று எண். இப்போது கணக்குக்கு வாருங்கள். ஏறத்தாழ முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. கன்னிவாடி சுமார் முந்நூறு மீட்டர். நூறில் ஒன்று போனால்? பெருமாள்மலை சுமார் ஆயிரத்து ஐந்நூறு. வகுத்தால் ஐந்து. நம் கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு. வகுங்கள், வகுங்கள்... ஏழு! சபாஷ், யாரப்பா அது? மகாதேவி அம்மாவா! பிள்ளைகளை முந்திவிட்டீர்களே! நூறில் ஏழு போனால் தொண்ணூற்று மூன்று.

ஏன் இறங்குகிறது? நம் தலைக்கு மேலே காற்றுக்கும் பாரம் உண்டு. கீழே நிற்பவன் தலையில் அதிகம். மேலே நிற்பவன் தலையில் குறைவு. அந்தப் பாரத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டுதான் தண்ணீர் ஆவியாகக் கொதித்து எழுகிறது. இங்கே பாரம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே எழுந்துவிடுகிறது. குறைந்த சூட்டில் வேகும் பருப்புக்கோ நேரம் கூடுகிறது. புத்தகம் பொய் சொல்லவில்லை. கடல்மட்டத்தில் நூறு என்றுதான் அது சொன்னது. அந்த ஒரு சொல்லை, நான் பன்னிரண்டு வருடமாகப் படிக்காமலே பாடம் நடத்தியிருக்கிறேன்.

எண்ணிப் பாருங்கள், என் அன்பர்களே! ஒவ்வொரு காலையும் இந்த மலைமேல் எத்தனை அடுப்புகளில், எத்தனை பாத்திரங்களில், தண்ணீர் தன் உண்மையைத் தானே முணுமுணுத்துக்கொண்டு கொதித்தது! நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? பனிக்குள்ளே ஒருத்தி கேட்டாள். பார்த்தாள், அளந்தாள், பயப்படாமல் எழுதினாள். அவளுக்கு நான் சுழியம் போட்டேன். வகுப்பில் வைத்து அவமானப்படுத்தியதற்கு, ஊரைச் சாட்சியாக வைத்து மன்னிப்புக் கேட்கிறேன். லாவண்யா, என்னை மன்னித்துவிடு அம்மா. உன் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். மற்ற இருபத்து மூன்று பேரும் திங்கட்கிழமை மறுபடி அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள். முனகாதீர்கள்!

குரூப் மாற்ற இன்று மாலையோடு கடைசி. விண்ணப்பம் இதோ என் கையில் இருக்கிறது. நீ போக வேண்டும் என்றால் மறுக்க எனக்கு வாய் கிடையாது. இந்த மேடையிலேயே கையெழுத்துப் போடுகிறேன். இரு என்று நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்.

எழுந்துவிட்டாள். கொஞ்சம் அமைதி, ஐயா... என்னம்மா? மைக் அங்கே எட்டாது, சத்தமாகச் சொல்.

"சார், கன்னிவாடில எத்தன தடவ அளந்தீங்க?"

ஒரே தடவைதான் அம்மா.

"பெருமாள்மலைல?"

அங்கேயும் ஒரு தடவை. பஸ் கிளம்பிவிட்டது.

"ஒரு தடவ அளந்துட்டு எப்படிங்க சார் நம்புறது? ஒவ்வொரு எடத்துலயும் மூணு தடவ அளந்து சராசரி எடுக்க வேண்டாமா?"

கைதட்டாதீர்கள்... சரி, தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அதற்குள் நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அழகுமலை அண்ணன் கையை நீட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். என்ன அண்ணே?

"அந்தத் தாளக் குடுங்க சார். அடுப்புப் பத்த வைக்க ஆகும்."

கொடுத்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வெள்ளனே, முதல் பஸ்ஸில் பெருமாள்மலை, அங்கிருந்து கன்னிவாடி. தெர்மாமீட்டரை லாவண்யா பிடிப்பாள். அவள் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ள நோட்டோடு நான் நிற்பேன். இவ்வளவு நேரம் குளிரில் பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. லாவண்யாவுக்கு என் வணக்கம்.