அய்யம்மாளின் சுருள் கோடு

அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போடியில் பிறந்தவள், வேறெப்படி இருப்பேன். என்மேல் உங்கள் விசாரணைக் குழுவுக்கு இந்தப் புகாரை எழுதியது பெங்களூருப் பிரபாகரன் என்பது நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அவருடைய கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தினமும் எட்டிப் பார்க்கிறவள் நான். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் எவ்வளவு நகை போட்டார்கள் என்று பார்ப்பதைப் போலத்தான். எங்களைப் போன்ற மூளை நரம்பு ஆராய்ச்சிக்காரர்களுக்கு நகை அந்த எண்ணிக்கைதான். அவருக்கு ஏறிக்கொண்டே போனது. எனக்கு அசையவில்லை.

மன்னியுங்கள், கை தானாகப் போனை எடுக்கிறது.

அந்த எண்ணிக்கையை ஏற்றத்தான் ஊர் திரும்பினேன். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் நரம்பு வருடாவருடம் என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்ப்பதாகத் திட்டம். தொழிலாளர் ஜீப்பிலேயே நானும் போடிமெட்டு ஏறுவேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓரங்கட்டச் சொல்லி எண்ணிக்கையைப் பார்ப்பேன்.

"ஏலக்கா ரேட்டா பாக்குறீக டாக்டரம்மா?" என்பாள் அய்யம்மாள்.

"இல்லக்கா, இது வேற ரேட்டு."

"ஏறிருக்கா?"

"எங்க ஏறுது."

"மாப்ள மெசேஜ் போடலயாம், அதத்தான் அம்மா இப்படிச் சொல்லுது" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி சொல்ல, ஜீப்பே சிரிக்கும்.

அய்யம்மாள் டிரம்மில் மருந்து கலக்குகிறவள். கம்பு கிடைக்காவிட்டால் முழங்கை வரை விட்டுக் கலக்குவாள். வருடத்துக்கொரு முறை அவளைப் பேனா பிடித்து, நத்தைக் கூடு போல விரியும் சுருள் கோடு ஒன்று வரையச் சொல்வேன். நடுக்கத்தை அளக்கிற சோதனை அது. அவள் அதை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள். குளித்து, வெறும் வயிற்றோடு வருவாள். "போன தடவ சுத்து போட்டதுக்கப்புறம் தலக்கிறுகிறுப்பு கொறஞ்சிருச்சு தாயி" என்பாள். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு ஆசையாக நம்புகிறவளிடம் எதற்கு.

அடுத்த வருடமே கோடு நெளிந்தது. அதற்கடுத்த வருடம் அவளே கேட்டாள்.

"சோத்த வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி மடியில விழுந்துருது. போடியில ஏலக்கா பொறுக்கித் தரம் பிரிக்கிற சோலி இருக்காம். ஒக்காந்து பாக்குற வேல. போயிரட்டுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் மருந்தை விட்டு விலகுகிறவர் ஆராய்ச்சியை விட்டும் விலகிவிடுவார். ஏற்கெனவே பலர் போயிருந்தார்கள். இருந்தவர்களில் அவளுடைய கோடுதான் வருடாவருடம் ஒழுங்காகக் கெட்டுக்கொண்டு வந்தது.

"வேலைய மாத்தாதக்கா. மாத்துனா வைத்தியம் பாதியில நின்னுரும்" என்றேன். டிரம்முக்கு ஆள் மாற்ற வேண்டாமென்று கங்காணி மகாராஜனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

கட்டுரை வெளிவந்தது. ஒருநாள் அந்த வளைவில் எண்ணிக்கை ஏறியிருந்தது. அய்யம்மாளிடம்தான் முதலில் சொன்னேன். "நல்லாருங்க தாயி" என்று கும்பிட்டாள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

இப்போது அவளால் தம்ளர் பிடிக்க முடியாது. மகள் சுசித்ராதான் ஊட்டுகிறாள். வருத்தம்தான். ஆனால் அவள் கோடு எத்தனையோ நாட்டுக் கட்டுரைகளில் படமாக வந்திருக்கிறது. பிரபாகரனே ஓரிடத்தில் போட்டிருக்கிறார், அதைப் புகாரில் எழுத மறந்திருப்பார்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். கட்டுரையைப் படித்தவர்கள் எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான். மருந்தைத் தொடும் முன் கை எப்படி இருந்தது என்ற அளவு என்னிடம் இல்லை.

அதையும் சரிசெய்துவிட்டேன். அம்மா முடங்கியதும் சுசித்ரா வேலை தேடினாள். மகாராஜனிடம் நான்தான் சொன்னேன். நேற்று அந்தப் பிள்ளை குளித்து, வெறும் வயிற்றோடு வந்தாள். அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். துளி நெளிவில்லை, அவ்வளவு அழகான கோடு.

திங்கட்கிழமை டிரம்முக்குப் போகிறாள். அதற்குள் இந்த விசாரணையை முடித்துவிடுங்கள். முதல் நாள் ஜீப்பில் துணைக்கு நான் இல்லாவிட்டால் பிள்ளை பயந்துபோகும்.