ஆறாம் நம்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி குறித்து

மேலே பெயரும் கதவிலக்கமும் எழுதப்பட்டிருப்பவன் நானே. வயது ஐம்பத்து நான்கு. ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் செருப்பு, பூட்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடைபாதையில் சாக்கு விரித்து விற்க ஆரம்பித்து, முப்பது வருடத்தில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தவன். இன்று காலை பத்தரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் கல்லூரி விசாரணை அதிகாரி முன் வந்து சொல்வதாவது:

என் ஒரே மகள் இந்த ராணுவ அதிகாரிப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கேடட். கோடையில் கேடட்டுகளுக்குப் பாராசூட், கடல் பயணம், மலையேற்றம் என்று மூன்று பயிற்சிகள் உண்டு. மலையேற்றத்துக்குப் பன்னிரண்டு இடம். அதில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மலைக்குக் கொண்டுபோகிற அதே பூட்ஸில் நூறு கிலோமீட்டர் நடந்து, தேதிவாரியாக நடைப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அவள் நடந்து முடித்து, காலுக்கு ஓய்வு கொடுக்க ஆறு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்று அவள் பையில் இருந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். வலது பூட்ஸின் அடியில், விரல் மடங்குகிற இடத்தில் கீறல் இருந்தது. அந்த ஜோடி என் கடையில் வாங்கியதில்லை. உதவித்தொகையை மிச்சம் பிடித்து வேறு கடையில் வாங்கியிருந்தாள். புதிது தருகிறேன் என்று சொன்னால் வாங்க மாட்டாள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

அதன் பிறகு அன்றே அதே கம்பெனி, அதே ஆறாம் நம்பரில் புது ஜோடி வரவழைத்து, என் கடையில் சரக்கு ஏற்றி இறக்குகிறவரிடம் கொடுத்தேன். காலை அகட்டி அகட்டி நடப்பதால் அவரை எல்லோரும் அன்னநடை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் கால் ஆறாம் நம்பர்தான். ஐந்து நாள் அதைப் போட்டுக்கொண்டு சரக்குக் கொட்டகைக்கும் கடைக்கும் நடக்கச் சொன்னேன். "மொதலாளி, கடிக்குது!" என்றார். "அது கடிச்சு முடிச்சாத்தான் என் பொண்ணைக் கடிக்காது, நடய்யா" என்றேன். விதி எனக்குத் தெரியாமல் இல்லை. பழகிய பூட்ஸைத்தான் விதி கேட்கிறது என்று நினைத்தேன். அதைப் பழக்கியது யார் கால் என்றும் கேட்கிறது என்று நினைக்கவில்லை.

அதன் பிறகு பழைய லேஸையே புது ஜோடியில் கோர்த்து, லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்குத் தோலின் உள்பக்கம் அவள் எழுத்தைப் பார்த்து அவள் கேடட் எண்ணை நானே எழுதி, பையில் வைத்துவிட்டேன். பழைய ஜோடியை அன்னநடைக்குக் கொடுத்தேன். சும்மா கொடுக்கிற பழக்கமோ வாங்குகிற பழக்கமோ எனக்கு இல்லை. ஐந்து நாள் நடந்ததற்குக் கூலி அது.

அதன் பிறகு கல்லூரிச் சோதனையில் பயிற்சியாளர் பூட்ஸைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்திருக்கிறார். என் மகள் உள்பக்கம் அழுத்தி நடப்பவள். தேய்ந்திருந்தது வெளிப்பக்கம். "இது உன் நடை இல்லையே. யாரை நடக்க வெச்ச?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான் நடந்தேன் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பொய்ப் பதிவு என்று குற்றம் சாட்டி, அவள் இடத்தை நிறுத்திவைத்தார்கள். நிரூபணமானால் கல்லூரியை விட்டே போக வேண்டும். நேற்று மாலை போன் செய்து, "அப்பா, என் பூட்ஸ் எங்கே?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். எல்லாம் சொன்னேன். வருகிறேன் என்றதற்கு, "நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு அங்க வந்து சொல்லாதீங்க. செஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்றாள். அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு அன்னநடை வீட்டுக்குப் போய்ப் பழைய ஜோடியைக் கேட்டேன். நல்ல வேளையாக அவர் போடவே இல்லை. மச்சான் கல்யாணத்துக்கு வைத்திருந்தார். "கல்யாண வீட்டுல பட்டாளத்துக்காரன்னு நினைக்கட்டும்னு பார்த்தேன், போச்சு" என்று கொடுத்தார். அந்த ஜோடியை இன்று மேசை மீது வைத்தேன். அதிகாரி உள் அட்டையை உருவித் தரையில் போட்டு, என் மகளை அதன் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொன்னார். பெருவிரல் பள்ளம், குதிகால் பள்ளம் இரண்டும் பொருந்தின. குதிகால் தேய்மானமும் உள்பக்கமே இருந்தது. நான் பார்த்தேன்.

மலைக்குப் போகிற லாரி நாளை மறுநாள் காலையில் கிளம்புகிறது. அவளை அனுப்புவது அதிகாரி முடிவு. அனுப்பினால் இந்தப் பழைய ஜோடியில்தான் போவேன் என்று அவள் சொன்னாள். கீறலை நான் ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "நீங்க தொடாதீங்கப்பா" என்று சொல்லி, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லூரியில் பூட்ஸ் தைக்கிறவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு போனாள். அந்த அடி ரப்பரில் நூல் நிற்காது, பசைதான் நிற்கும். அதை நான் சொல்லவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது போலவே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
காலணி வியாபாரி, கேடட்டின் தகப்பன்